ஆறு பேருக்கு நான்கு கேபின்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஆறு அடையாள அட்டைகள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. துறைமுக அனுமதிக்கு அனுப்ப வேண்டியவை. அவள் ஒவ்வொன்றாக அச்செடுத்தாள். மூன்றாவது தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போதே அதைப் பிடிக்க நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தாளில் இருந்தது அவளுடைய அப்பாவின் முகம்.

அந்தப் படகுச் சுற்றுலா அலுவலகத்தில் அவளைத் தீவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கரையிலிருந்து எட்டத்தில் சிதறிக் கிடக்கும் ஐந்து பழைய தீவுகளைச் சுற்றிப் பார்க்க, தங்களுக்கென்று தனியாகச் சொகுசுப் படகு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நாள்வாரியாகத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. எந்தத் தீவில் கோட்டை, எதில் சிறைச்சாலை, எதில் கொள்ளைநோய்க்காரர்களை ஒதுக்கி வைத்த ஆஸ்பத்திரி, எந்தக் காற்றுக்கு எங்கே நங்கூரம் போடலாம், எல்லாம் ஒன்பது வருஷத்தில் அவளுக்கு மனப்பாடம்.

இந்தப் பயணத்துக்காக மூன்று வாரமாக ஒரு பெண் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஊர்க்காரி. பேச்சு மழை மாதிரி, ஆரம்பித்தால் நிற்காது. மாமனாருக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது, அதற்காகக் குடும்பத்தோடு ஐந்து நாள் தீவு சுற்ற வேண்டும், மாமனாருக்கு இது ரொம்ப நாள் ஆசை என்று அவள் சொன்னபோது, எல்லா மாமனார்களையும் போல அதுவும் ஒரு மாமனார் என்றுதான் தீவக்கா நினைத்தாள். இப்போது ஆறு தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். அப்பா. அம்மா. தம்பி. போனில் பேசுகிறவள் தம்பியின் மனைவி. அப்புறம் ஒன்பது வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண். தான் இரண்டு பிள்ளைகளுக்கு அத்தை என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டை விட்டு வந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை, அப்பாவின் உயிர் சிநேகிதரான பேங்க் மாமாவின் மகன். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது; அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று தடவை அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னாள். மூன்று தடவையும் அவர், "அவன் என் சிநேகிதன் பையன், உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவான்" என்றார். நான்காவது தடவை அவள் பேசவில்லை. இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுக் காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஓடிப்போய்விட்டாள் என்றது ஊர். யாரோடு என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் தனியாகத்தான் ஓடினாள். அதற்கப்புறம் அவள் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். ரிட்டயர் ஆனதும் இந்தத் தீவுகளைச் சுற்றி வருவது என்று அவரும் பேங்க் மாமாவும் ஞாயிறுதோறும் திட்டம் போடுவார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தீவுகளை வரைந்து, எதற்கு முதலில் போவது என்று இரண்டு பேரும் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவதைக் கேட்டுத்தான் அவளும் வளர்ந்தாள். வீட்டை விட்டு வந்தவள் இந்த ஊரில் வந்து நின்றதற்கு அதுதான் காரணம். கடலைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

அன்றைக்கு அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அடையாள அட்டைகளைக் கோப்பில் வைத்தாள், எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரரிடம் இந்த வேலையைத் தள்ளிவிடலாம் என்று கோப்போடு எழுந்து போனாள். அவர் நிமிர்ந்து "என்னக்கா?" என்றதும், "ஸ்டேப்ளர் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனாள். இந்தத் தடவை வாங்கிய ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நின்றபடியே மத்தியானச் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டாள். மூன்று மணிக்குத் தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

"மேடம், அட்டையெல்லாம் வந்துச்சா? என் போட்டோ மட்டும் பாக்காதீங்க, திருடி மாதிரி இருப்பேன்."

"வந்துச்சு மேடம்" என்றாள் தீவக்கா. தான் யார் என்று சொல்லாமல் விட்டாள், அந்த நிமிஷம் தாண்டிப் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் போட்ட திட்டம் மாதிரி அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் போட்டதில்லை. கோட்டைத் தீவில் இருநூற்றுப் பன்னிரண்டு படி. அப்பாவுக்கு ஸ்கூட்டரிலிருந்து விழுந்த முழங்கால். அந்தக் காலத்தில் பீரங்கிகளை இழுத்து ஏற்றுவதற்காகப் பின்பக்கம் ஒரு சாய்வுப் பாதை போட்டிருந்தார்கள்; புதர் மண்டிக் கிடந்ததை அவள் காவலாளியிடம் சொல்லி வெட்டிச் சுத்தம் செய்ய வைத்தாள். படகில் நான்கு கேபின். அம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம். குளத்தங்கரையில் கூட நான்கடி தள்ளித்தான் நிற்பாள். அதனால் ஆட்டம் குறைவான நடுக் கேபினை அவர்களுக்கு ஒதுக்கினாள். தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துப் போகும், சமையல்காரரிடம் சொன்னாள். அப்பாவுக்குக் காலை ஐந்தரைக்குச் சர்க்கரை இல்லாத காபி.

"காபியா?" என்றாள் தம்பியின் மனைவி. "மாமா காபியை விட்டே ஆறு வருஷமாச்சே. அதான் நான் எதுவும் எழுதலையே மேடம்?"

"வயசானவங்களுக்குப் பொதுவா போடறதுதான்" என்று தீவக்கா சமாளித்தாள். போனை வைத்தபின் தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் திரும்பி வந்தாள். ஆறு வருஷம். அப்பா காபி குடிக்காமல் ஆறு வருஷமாக ஒரு காலை விடிகிறது, அது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டாள்.

"மேடம், அத்தைக்கு அந்த நடுக் கேபின் வேணாமாம்" என்றாள் தம்பியின் மனைவி. "படகுக்குப் பின்னாடி தண்ணில இறங்கற ஏணி இருக்குன்னு போட்டிருந்துச்சே, அதுக்குப் பக்கத்துக் கேபின் கேக்கறாங்க. காலைல எழுந்ததும் கடல்ல இறங்கணுமாம்."

"அவங்களா? அவங்களுக்குத்தான் தண்ணின்னா பயமாச்சே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அந்தப் பக்கம் பேச்சு மழை நின்றுவிட்டது.

"அத்தை மூணு வருஷமா நீச்சல் போறாங்க" என்றாள் அவள் மெதுவாக. "அறுபத்தேழு வயசுல கத்துக்கிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி பயந்தாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்க, அது கீங் கீங்கென்று கத்திக்கொண்டே இருந்தது.

"காபி வேற" என்றாள் போனில் இருந்தவள், தனக்குத்தானே கூட்டிப் பார்ப்பது போல. "கத்தரிக்காய் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு முந்தியே நீங்க சொன்னீங்க. மேடம், நீங்க சிரிக்கிறது எங்க வீட்டுக்காரரு சிரிக்கிற மாதிரியே இருக்கும். நான் அவர்கிட்டயே அதைச் சொல்லிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணி?"

பதினான்கு வருஷத்தில் அவளை யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலுவலகத்து அக்காவெல்லாம் கணக்கில் சேராது. "ஆமா" என்றாள்.

"ஐயோ" என்றாள் தம்பியின் மனைவி. போன் நின்றுவிட்டது.

சனி, ஞாயிறு, திங்கள். போன் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. பயணம் ரத்து என்று ஒரு வரி வரும் என்று தீவக்கா எதிர்பார்த்தாள். வேறு யாரையாவது வைத்துத் திட்டம் போடுங்கள் என்று தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே நடந்தாள். ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் நடப்பதற்கு என்ன இருக்கிறது, கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே பன்னிரண்டு தப்படி. துணி துவைத்தாள். காய்ந்த துணியையே எடுத்து மறுபடியும் நனைத்துவிட்டு, தன் புத்தியை நொந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தம்பியின் மனைவி கூப்பிட்டாள். "அத்தைகிட்ட மட்டும் சொன்னேன். ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. இன்னைக்கு எழுந்ததும் 'படகைப் பாக்காம எப்படிக் குடும்பத்தை ஏத்தறது, வா போய்ப் பாத்துட்டு வரலாம்'ங்கறாங்க. நாளைக்கு வரோம் அண்ணி."

புதன்கிழமை படகுத்துறையில் அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றாள். ரயிலிலிருந்து நேராக வந்தார்கள். அம்மாவின் தலை முழுக்க நரைத்து, ஆண்பிள்ளை மாதிரி குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. அழுகை வரும், அடி கூட விழும் என்று இரண்டுக்கும் தயாராக நின்றவளை அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய்." அம்மா படகைப் பார்த்தாள். "இதுவா? ஏணி எங்க?"

கேப்டன் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அம்மா கேபின்களைத் திறந்து பார்த்தாள், மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், குளியலறைக் குழாயைத் திருகினாள். பின்பக்கம் வந்து ஏணியின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். தம்பியின் மனைவி பேச்சை அடக்கிக்கொண்டு நிற்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். கடைசியில் அம்மா ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளையும் உட்காரச் சொன்னாள்.

"உங்கப்பாதான் உன் லெட்டரையெல்லாம் திருப்பி அனுப்புனாரு. ஆனா நானும் தடுக்கல. அதை நீ தெரிஞ்சுக்கணும். உங்க பேங்க் மாமா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆச்சு. நீ போன நாள்லேர்ந்து அது வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே தெருவுல எதிரெதிரா நடந்து போவாங்க, ஒரு வார்த்தை கிடையாது. அவரு போனப்புறம் உங்கப்பா ஆறு மாசம் வெளிய நடக்கவே போகல. வீட்டுல இருந்தா நமக்கும் மூச்சு முட்டுமேன்னுதான் நான் நீச்சலுக்குப் போக ஆரம்பிச்சேன், அப்பப் பாதியில விட்டுட்டு, அப்புறம் திரும்பப் போயிக் கத்துக்கிட்டேன்."

"அம்மா..."

"நாலாவது கேபின் காலியா இருக்குங்கறா இவ. நீ வந்துடு."

"அப்பா கூப்பிட்டா வரேன்."

"அவரு கூப்பிட மாட்டாரு."

"தெரியும்."

அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட சொல்லப் போறதில்லை. நீ பண்ணினதை நீதான் சொல்லணும்" என்றாள்.

இரவு ரயிலுக்குக் காத்திருக்காமல் சாயந்தர ரயிலிலேயே அவர்கள் திரும்பினார்கள். மறுநாள் தீவக்கா திட்டத்தின் கடைசி வடிவத்தை அனுப்பினாள். எப்போதும் அடியில் 'பயணத் திட்டப் பிரிவு' என்றுதான் போடுவது வழக்கம். அதை அழித்துவிட்டுத் தன் பெயரை முழுதாக, அப்பாவின் இனிஷியலோடு அடித்தாள். கீழே தன் எண்ணைப் போட்டாள். அனுப்பிய பிறகு போனை மேஜை டிராயரில் வைத்தாள், வெளியே எடுத்தாள், சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பக்கத்து மேஜைக்காரர், "அக்கா, ஸ்டேப்ளர் வேணுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"திட்டம் வந்துச்சு" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் உலர்ந்திருந்தது, மற்றபடி வகுப்பறைக் குரல்தான். "கோட்டைக்குப் பீரங்கிப் பாதைன்னு ஒண்ணு போட்டிருக்க. எந்தப் புத்தகத்துலயும் அது இல்லையே."

"இருக்கு. அறுபது தடவைக்கு மேல ஏறியிருக்கேன்."

"ம்." கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. "அவன் இதெல்லாம் பாக்காமலே போய்ட்டான்."

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து நின்றுகொண்டாள். பதினான்கு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று அவளிடம் இருந்தது.

"நான் பண்ணினது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல. ஆனா அதனால உங்களுக்கு நடந்ததை நினைச்சு நான் வருத்தப்படாத நாள் இல்ல."

"ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றியே."

"ரெண்டும் உண்மைதான்."

மறுபடியும் காகிதம் புரண்டது. பிறகு, "கிளம்பற அன்னைக்கு நீ படகுத்துறைக்கு வர வேணாம். பசங்க நல்லபடியா கிளம்பட்டும்" என்றார்.

"சரி."

வைத்துவிட்டார். அவள் நின்றபடியே இருந்தாள். பக்கத்து மேஜைக்காரர் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். அவள் அலுவலகத்தில் இருந்தாள். "ஆறு பேரும் ஏறியாச்சு, கரையை விட்டாச்சு" என்று கேப்டன் செய்தி அனுப்பினார். சுவர் வரைபடத்தில் படகுக்கு ஒரு சிவப்பு ஊசி குத்துவார்கள். அதைக் குத்திவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தாள், ஊசி தானாக நகர்ந்துவிடும் என்பது போல. நான்கு மணிக்கு வானிலை அறிக்கை வந்தது. மறுநாள் முழுக்கத் தெற்குக் காற்று பலக்கும், அதற்கடுத்த நாள் அடங்கும். சிறைத் தீவின் துறை தெற்கே திறந்து கிடக்கிறது. அங்கே நங்கூரம் போட முடியாது. இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிப் போட்டாக வேண்டும். மாற்றத்தை விருந்தினரிடம் திட்டம் போட்டவரே சொல்ல வேண்டும் என்பது அலுவலக விதி. அவள் படகுக்குப் போன் போட்டாள். தம்பியின் மனைவியை எதிர்பார்த்தாள். எடுத்தது அப்பா.

"நாளைக்கு ஆஸ்பத்திரித் தீவு, அடுத்த நாள்தான் சிறைத் தீவு" என்றாள்.

"அதெப்படி? கைதிங்களை வெச்சுத்தான் அந்த ஆஸ்பத்திரியையே கட்டினாங்க. முதல்ல ஜெயிலைப் பாத்தாத்தான் ஆஸ்பத்திரி புரியும். வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

"தெக்குக் காத்து வருது."

"எவ்வளவு வரும்? காலைல சீக்கிரம் போயிட்டு வந்துடலாம்."

"காத்துக்கு வரலாறு தெரியாதுப்பா!"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா பேசினோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"தெரியலைன்னா நீ சொல்லிக் குடு அதுக்கு" என்றார் அப்பா. அதோடு விட்டாரா என்றால், இல்லை. ஆழம் எவ்வளவு, வடக்கே மறைவாக ஒரு இடம் உண்டாமே, கேப்டனுக்கு என்ன வயது என்று இருபது நிமிஷம் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். அவள் ஒரு அங்குலம் விட்டுக் கொடுக்கவில்லை. கடைசியில் அவர், "சரி, ஆஸ்பத்திரிக்கே போய்த் தொலையறோம்" என்றார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கரைக்கு வரோம்னு போட்டிருக்க."

"ஆமா."

"அங்கயே நில்லு. எங்கயும் போயிடாத."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே அவள் அங்கே நின்றாள். காற்று அடங்கிக் கடல் சுருக்கமில்லாமல் கிடந்தது. படகு ஐந்தே காலுக்கு வந்தது. பிள்ளைகள் இரண்டும் முதலில் குதித்து, யார் இந்தப் பொம்பிளை என்று அவளைச் சுற்றி ஒரு வட்டம் ஓடின. அம்மா ஈரத் தலையோடு இறங்கினாள். அப்பாவை இறக்க மாலுமி கை நீட்டினார். அவர் அதைத் தவிர்த்துவிட்டு மகளின் தோளில் கையை ஊன்றி இறங்கினார். நல்ல கனம். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

"கலங்கரை விளக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான் போட்டிருக்க. யாருக்குப் பத்தும்?" என்றார். "நான் பாதிதான் பாத்தேன்."

"அனுமதி அவ்வளவுதான்பா."

"யாரு அனுமதி? அட்ரஸ் எழுதிக் குடு, அவங்களுக்கு லெட்டர் போடறேன்."

கடைசியாகத் தம்பி இறங்கினான், கைக்கு இரண்டாக நான்கு பைகளோடு. வழுக்கை விழுந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து, "டாக்ஸி எங்க நிக்கும்?" என்றான்.

"வெளிய போனதும் வலது பக்கம். டிக்கெட் கவுண்டரைத் தாண்டி."

அவன் விடுவிடுவென்று நடந்து, வெளியே போனதும் இடது பக்கம் திரும்பினான்.

"அண்ணி, அவரு எப்பவுமே இப்படித்தானா?" என்றாள் தம்பியின் மனைவி.

"எப்பவுமே" என்றாள் அவள். அப்பாவை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவனைத் திருப்பிக் கூட்டி வர ஓடினாள்.